கரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

நாயுடுபேட்டையில் 34 வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துவிட்டேன். முதலில் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி. பிறகு ஸ்வர்ணமுகியில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆற்றில். கடைசிப் பன்னிரண்டு வருடம் ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில், பத்து மீட்டர் நீளத்துக்குக் கட்டிய தொட்டியில். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்தக் கோடையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் இறங்குகிறீர்கள். காலடிப்பது, மூச்சு விடுவது, பயந்த பிள்ளையைச் சமாளிப்பது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஒன்று மட்டும் பார்க்கவில்லை. கொரோனாக் காலத்தில் தோப்புக் கேட்டில் தினமும் காலையில் நான் பட்ட பாடு.

ஆந்திராவின் முதல் கொரோனா நோயாளி எங்கள் நெல்லூர் மாவட்டத்தில்தான் தெரிய வந்தார், 2020 மார்ச் 12 அன்று. இத்தாலியிலிருந்து திரும்பிய மாணவர். நாம் அப்போது நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரலில்தான் திருப்பதிக்கு மாறினோம். மார்ச் கடைசியில் நாடு முழுக்கக் குளங்களை மூடினார்கள். அக்டோபர் 15 முதல் போட்டி வீரர்களுக்கு மட்டும் திறந்தார்கள். எல்லோருக்கும் என்று திறந்தது 2021 பிப்ரவரி 1. அன்றிலிருந்து கேட்டில் ஒரே கேள்வி. தெலுங்கு அம்மாக்கள் "மாஸ்டர் காரு, பரவாலேதா?" என்பார்கள். தமிழ் அம்மாக்கள் "அனுப்பலாமா சார்?" என்பார்கள். நான் இரு தரப்புக்கும் "ஏம் காதுலே, ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பதிலே இல்லை என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

1. இன்னொரு நோய் வந்தால் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எந்த வழியாகப் போகிறது?

அமெரிக்காவில் 1940-களில் கோடை வந்தால் போலியோ பயத்தில் ஊர் ஊராக நீச்சல் குளங்களை மூடுவார்கள். 1955-இல் தடுப்பூசி வரும்வரை அந்தப் பயம் போகவில்லை. அதில் நியாயம் இருந்தது. போலியோக் கிருமி மலத்தில் வெளியேறி வாய்வழியாக உள்ளே போவது. பிள்ளைகள் குளத்துத் தண்ணீரை விழுங்காமல் இருப்பார்களா? கொரோனா அப்படிப்பட்டதல்ல. அது மூச்சில் போவது. நாமோ பழைய பயத்தை அப்படியே எடுத்து இதற்கும் மாட்டிவிட்டோம். தண்ணீரைப் பார்த்து நடுங்கினோம், பக்கத்தில் உட்கார்ந்து இருமியவரைப் பார்த்து நடுங்கவில்லை.

நாளைக்கு வருவது வயிற்றுப்போக்கு வகையாக இருந்தால் நான் கீழே எழுதியிருப்பதில் பாதியைத் தலைகீழாக்க வேண்டும். கிரிப்டோ என்று ஒரு கிருமி உண்டு, குளோரினுக்கு அசையாது. அது வந்த பிள்ளையைப் பேதி நின்ற பிறகும் இரண்டு வாரம் தண்ணீரில் விடக்கூடாது. மெட்ராஸ் ஐ என்றால் துண்டைப் பாருங்கள், ஒரே துண்டில் மூன்று பிள்ளைகள் முகம் துடைத்தால் போதும், பரவிவிடும். நோய் மாறினால் காவல் நிற்கும் இடமும் மாற வேண்டும்.

2. தண்ணீரை அளந்து பாருங்கள், மூக்கை நம்பாதீர்கள்.

"குளோரின் வாசனை தூக்குது சார், சுத்தமா இருக்கு" என்று அப்பாக்கள் பாராட்டுவார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போனதன் வாசனை. நன்றாகப் பராமரிக்கிற தண்ணீர் அவ்வளவு நாறாது.

2021 ஏப்ரலில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு சோதனை செய்து சொன்னார்கள். கொரோனாக் கிருமியை நீச்சல் குளத்துத் தண்ணீரில் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தனிக் குளோரின், பி.ஹெச். 7-ஐ ஒட்டி. அரை நிமிடத்தில் கிருமியின் தொற்றும் திறன் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்த 1.5 நம் தொட்டியில் இருந்தால்தானே?

கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நம் தொட்டி பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரி ஆழம் 80 சென்டிமீட்டர். 40,000 லிட்டர். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஏற்ற 40 கிராம் குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடரில் குளோரின் முப்பது சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 135 கிராம் பவுடர். பழைய பவுடர், ஈரம் குடித்த பவுடர் என்றால் இந்தக் கணக்கு பொய். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் பவுடரைப் போட்டுக் கலக்கி, தெளிய விட்டு, தெளிந்ததை மட்டும் இரவில் ஊற்றுங்கள். பகலில் ஊற்றினால் வெயிலுக்குத்தான் தானம். மே மாதத்தில் காலை ஆறு மணிக்கு 2 காட்டிய தண்ணீர் பதினொரு மணிக்குச் சுத்தமாக ஒன்றும் காட்டாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினொரு மணிக்கு எட்டு பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்சுக்கு முன்னாலும் அளப்பேன்.

அளக்கும் சொட்டு மருந்தில் மஞ்சளாக மாறுவது மொத்தக் குளோரினைக் காட்டும், கெட்டுப்போனதையும் சேர்த்து. இளஞ்சிவப்பாக மாறும் மாத்திரைதான் வேலை செய்கிற தனிக் குளோரினைக் காட்டும். விலை கூடத்தான். வாங்குங்கள். பி.ஹெச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்கட்டும். 8-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் சோம்பேறியாகிவிடும். நம் போர் தண்ணீரும் பவுடரும் இரண்டுமே பி.ஹெச்.சை ஏற்றும் ஜாதி, மறக்காதீர்கள்.

3. தண்ணீர் சரியாக இருந்தால் கரைக்கு வாருங்கள். ஆபத்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

நான் முதலில் செய்த ஏற்பாடெல்லாம் தண்ணீருக்குள். இரண்டு மீட்டருக்கு ஒரு கயிறு கட்டினேன், மிதக்கும் பலகைகளைக் கழுவினேன், கைப்பிடிக் கம்பியைத் துடைத்தேன். வெளியே தகரக் கூரை போட்ட திண்ணையில் பத்து அம்மாக்கள், மூன்று பாட்டிமார், ஒரே ஃபிளாஸ்க் டீ. மாஸ்க் தாடையில். பேச்சு உற்சாகமாக நடக்கும். பிள்ளைகள் குளித்த நாற்பது நிமிடமும் அவர்கள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். 2021 மார்ச் கடைசியில் நோய் வந்தது பிள்ளைகளுக்கு அல்ல, அந்தத் திண்ணைக்கு. ஒரே வாரத்தில் நான்கு வீடு. பிள்ளைகள் வழியாக அம்மாக்களுக்குப் போயிற்றா, அம்மாக்களே மாற்றிக்கொண்டார்களா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நான்கு வீட்டில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு பேட்சில் இருந்தவர்கள், தண்ணீரில் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அம்மாக்கள் திண்ணையில் பக்கத்துப் பக்கத்தில்.

திண்ணையை மூடுங்கள். பெற்றோர் மாமரத்தடியில் தனித்தனியாக நிற்கட்டும், முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். உடை மாற்றும் அறையைப் பூட்டுங்கள். பிள்ளை வீட்டிலேயே நீச்சல் உடை போட்டு, மேலே சட்டை மாட்டி வரட்டும். போகும்போது துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரமாகவே போகட்டும். நம் ஊர் வெயிலில் ஜலதோஷம் பிடிக்காது. ஷேர் ஆட்டோவையும் கேளுங்கள். ஏழு பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஆட்டோ வந்தால், நீங்கள் தண்ணீரில் கட்டிய கயிற்றுக்கு என்ன அர்த்தம்?

ஊரில் மூடிய கட்டடத்துக்குள் குளம் கட்டி, கண்ணாடி சாத்தி, ஏ.சி. போட்டு நடத்தும் இடத்திலிருந்து உங்களுக்கு வேலைக்கு அழைப்பு வரலாம். நோய்க் காலத்தில் அங்கே போகாதீர்கள். நம் தோப்பில் கூரையில்லாததுதான் நம் பெரிய சொத்து.

4. பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆறு வயதுப் பையனுக்குக் கொரோனா பெரும்பாலும் இரண்டு நாள் ஜுரம். அவன் படுப்பது சர்க்கரை வியாதி உள்ள பாட்டியின் பக்கத்தில். அப்பா மேனகூரு கம்பெனியில் ஷிப்டு, கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேரோடு போய் வருபவர். 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து சித்தூர், நெல்லூர் பக்கமெல்லாம் நோய் எப்படி வந்தது? லாரியோடும் தக்காளியோடும் போய் வந்தவர்களோடுதான். நெடுஞ்சாலை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. ஒரு பிள்ளைக்குப் பின்னால் எத்தனை பயணம் இருக்கிறது என்று யோசித்துவிட்டு அனுமதி கொடுங்கள்.

பாட்டியோடு ஒரே அறையில் படுக்கும் பிள்ளைக்கு, பாட்டி தடுப்பூசி போடும்வரை பொறுக்கச் சொன்னேன். அந்தப் பாட்டியே வந்து சண்டை போட்டார். பரவாயில்லை.

5. பீஸைத் திருப்பிக் கொடுங்கள்.

என் பட்டியலில் இது ஒன்றைத்தான் நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் கோடையில் நம் தட்டியில் எழுதியிருந்தது: "கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது." ஒரு நாள் ஒரு பெண் குழந்தை தண்ணீரில் இறங்கி இருபது நிமிடத்தில் துவண்டுவிட்டது. தொட்டால் கொதிக்கிறது. அம்மா அழுதுகொண்டே சொன்னாள், காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்துக் கூட்டி வந்தாளாம். இருபது நாள் கோர்ஸ், ஆறு நாள் போய்விட்டது, மீதிப் பணம் வீணாகுமே என்று. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் பாதி. ஜுரத்தை மறைக்கச் சொல்லிக்கொடுத்தது என்னுடைய தட்டிதான்.

அன்று சாயங்காலமே தட்டியைக் கழற்றினேன். வராத நாளுக்குப் பணம் திருப்பித் தரப்படும், இல்லை ஈடாக வேறு நாள் வரலாம் என்று மாற்றினேன். மறுவாரமே போன் வர ஆரம்பித்தது: "சார், பாப்பாக்கு லேசா தொண்டை கரகரப்பு, நாளைக்கு அனுப்பல." இந்தப் போனுக்கு நான் என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன். நெற்றியில் ஜுரம் பார்க்கும் வெப்பத் துப்பாக்கி வாங்கிய காசுதான் தண்டம்.

6. வெப்பத் துப்பாக்கி பற்றி: வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றி ஜுரம் காட்டும், ஜுரமுள்ள பிள்ளை முகம் கழுவி வந்தால் சுகம் காட்டும். கொரோனா வந்த பல பிள்ளைகளுக்கு ஜுரமே இல்லை. அம்மாக்களுக்காக நெற்றியில் வைத்துக் காட்டுங்கள், அதை நம்பி முடிவு எடுக்காதீர்கள்.

7. சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நின்று பழக்க முடியாது. அது நடக்காத காரியம்.

சுற்றறிக்கையில் ஆறடி இடைவெளி என்று எழுதிவிடலாம். ஐந்து வயதுக் குழந்தையை மிதக்க வைக்க ஆறடிக் கை யாருக்கு இருக்கிறது? பயந்த பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ளும், தண்ணீரை விழுங்கி உங்கள் முகத்திலேயே இருமும். மாஸ்க் போட்டுத் தண்ணீரில் இறங்கவே கூடாது. நனைந்தால் மூச்சு முட்டும், பிள்ளைக்கும் சரி, உங்களுக்கும் சரி.

ஆகவே இரண்டில் ஒன்று. ஏழு வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ தண்ணீரில் இறங்கித் தன் பிள்ளையைத் தான் பிடிக்கட்டும், நீங்கள் கரையில் நின்று சொல்லுங்கள். சேலையோடு இறங்க வேண்டாம் என்று அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சுடிதாரும் கணுக்காலில் சுற்றும். ஒட்டிய லெக்கிங்ஸும் பனியன் துணிச் சட்டையும் போதும். ஆழம் மார்புக்கு மேலே வரும் இடத்தில் அவர்களை விடாதீர்கள், நீச்சல் தெரியாத அம்மாவும் ஒரு பிள்ளைதான். இரண்டாவது வழி, நீங்களே பிடிப்பதானால் பின்னாலிருந்து பிடியுங்கள். அக்குளில் கை கொடுத்து, பிள்ளையின் முகம் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி. நான் முப்பது வருடம் முகத்தோடு முகம் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தேன், மாற்றக் கஷ்டமாக இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், பின்னாலிருந்து பிடித்த பிள்ளைகள் சீக்கிரம் மிதந்தார்கள். என் முகத்தைப் பார்த்து அழ வழியில்லாததாலோ என்னவோ.

8. பேட்சுக்கு நான்கு பேர். நான்கும் ஒரே தெரு, ஒரே வீடு, ஒரே விளையாட்டுக் கூட்டமாக இருக்கட்டும். எப்படியும் சாயங்காலம் சேர்ந்து கிரிக்கெட் ஆடத்தான் போகிறார்கள். கலைக்காதீர்கள். ஒருவன் வரவில்லை என்று வேறு பேட்சிலிருந்து ஒருவனைச் சேர்க்காதீர்கள்.

9. மூடிவிட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். தராசின் மறு தட்டில் ஆறு இருக்கிறது.

இதைத்தான் டாக்டர்களிடமும் அதிகாரிகளிடமும் சொல்லிப் பார்த்தேன். ஸ்வர்ணமுகி வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். மணல் அள்ளிய குழிகள் உள்ளே கிடக்கின்றன. மழை பெய்தால் குழியும் ஆறும் ஒரே மட்டத்தில் பளபளவென்று தெரியும்; எங்கே முழங்கால், எங்கே இரண்டு ஆள் ஆழம் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் மூடி, குளம் மூடி, அப்பா அம்மா வேலைக்குப் போய், வீட்டில் செல்போனும் அலுத்துப்போன பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே போவான்? 2021 நவம்பரில் திருப்பதியை முக்கியெடுத்த அந்த வெள்ளம் நம் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போனது. வடிந்த மறுவாரம் குழிகள் எல்லாம் குளமாக நின்றன, பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் நான்கு நாள் வந்து நின்றுபோன ஒருவனை அங்கே நான் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்தேன்.

இந்தியாவில் வருடத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள். 2021-இல்தான் ஐ.நா. சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. நோயின் கணக்கு தினமும் டிவியில் வந்தது. இந்தக் கணக்கு வரவில்லை. ஒரு தாய் "அனுப்பலாமா?" என்று கேட்டால் பதிலுக்கு நீங்கள் கேளுங்கள்: "அனுப்பாவிட்டால் பிள்ளை பகலில் எங்கே இருக்கும்?" வீட்டில் பாட்டி கண்பார்வையில், கிணறோ ஏரியோ கிட்டத்தில் இல்லை என்றால், பொறுக்கலாம், ஒரு கோடை போனால் குடி முழுகாது. ஆற்றங்கரைத் தெரு, சும்மா திரியும் பையன் என்றால், நான்கு பேர் பேட்சில் திறந்த வெளியில் நீச்சல் பழகுவதுதான் அவனுக்குப் பத்திரம். ஒரே ஊரில் இரண்டு வீட்டுக்கு இரண்டு பதில். தயங்காமல் சொல்லுங்கள்.

10. நோய்க் காலத்தில் பாடத்தின் வரிசையை மாற்றுங்கள்.

சாதாரண வருடத்தில் முதலில் கம்பியைப் பிடித்துக் காலடிப்பது, பிறகு பலகை, பிறகு கை, கடைசியில் மல்லாக்க மிதப்பது என்று போவேன். நோய்க் காலத்தில் எந்த நாளும் கடைசி நாளாகலாம், ராத்திரி ஒன்பது மணிக்கு ஆர்டர் வரும். பாதியில் நின்ற பிள்ளைதான் மிகவும் ஆபத்து. காலடிக்கத் தெரியும், தைரியம் வந்துவிட்டது, மிதக்கத் தெரியாது. நான் ஆற்றில் இழுத்தேனே, அவன் அப்படித்தான். அதனால் முதல் ஐந்து நாளும் மல்லாக்க மிதப்பது மட்டும், பிறகு உருண்டு கரையைத் தேடிப் பிடிப்பது. பார்க்க ஒன்றும் இல்லாத பாடம், அப்பாக்கள் வீடியோ எடுக்க மாட்டார்கள், "இன்னும் ஸ்டைல் ஆரம்பிக்கலையா சார்" என்பார்கள். நிறுத்த நேர்ந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "உங்க பையனுக்கு நீச்சல் தெரியாது. தெரியும்னு அவன் சொல்லுவான், நம்பாதீங்க."

11. நோய் வந்து தேறிய பிள்ளை திரும்பி வந்தால் அவசரப்படுத்தாதீர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல் உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் டாக்டர் பார்க்காமல் இறக்க வேண்டாம். கொரோனா போய் நான்கைந்து வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அழற்சி கண்டு இதயத்தைத் தாக்கும் ஒரு நோய் வந்தது. எம்.ஐ.எஸ்.சி. என்பார்கள். அப்படி வந்தவர்களை மூன்றிலிருந்து ஆறு மாதம் விளையாட்டுப் பக்கமே விடக்கூடாது, பிறகும் இதய டாக்டர் சொன்னால்தான். தண்ணீரில் மயக்கம் வந்தால் தரையில் விழுவது போல் சத்தம் கேட்காது.

12. எப்போது முழுக்க மூட வேண்டும்? சர்க்கார் சொன்னால் மூடுங்கள், அதில் பேச்சில்லை. சொல்லாவிட்டாலும் ஒரு அளவு வைத்திருக்கிறேன்: இன்று ஒரு பிள்ளை தண்ணீர் குடித்து மூச்சு நின்றால், நம் வண்டி போய் நிற்கும் ஆஸ்பத்திரியில் படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்குமா?

2021 மே 10 இரவு திருப்பதியில் ஆக்சிஜன் தடைபட்டு 11 நோயாளிகள் இறந்தார்கள். அதே மாதம் கிருஷ்ணபட்டினத்தில் ஆனந்தய்யா என்பவர் கொரோனாவுக்கென்று கொடுத்த நாட்டு மருந்துக்கு ஆயிரக்கணக்கில் வரிசை நின்றது. மருந்து வேலை செய்ததோ இல்லையோ, நோயைப் பரப்ப அந்த வரிசை நன்றாக வேலை செய்திருக்கும். மே 5 முதல் நம் மாநிலத்தில் ஊரடங்கு. ஆனால் நான் ஏப்ரல் நடுவிலேயே மூடிவிட்டேன். நெல்லூரிலும் திருப்பதியிலும் இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், குழந்தைகள் வார்டையே கோவிட் வார்டாக மாற்றியிருக்கிறோம் என்றார்கள். அன்று மதியம் தொட்டித் தண்ணீரை மாமரத்துக்குத் திறந்துவிட்டேன். அந்த வருடம் பங்கனப்பள்ளி நன்றாகக் காய்த்தது, குளோரின் போனபிறகு விட்டதால்.

13. கேட்டுக்குப் பக்கத்து அலமாரியில் நீல அட்டை நோட்டு இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த நாள் வந்தது, யார் வீட்டில் யாருக்கு எப்போது ஜுரம், தண்ணீர் எத்தனை காட்டியது என்று இரண்டு வருடத்துக்கும் எழுதியிருக்கிறேன். போன் நம்பர்களில் பாதி மாறியிருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் டிரம்மின் மூடி சரியாக மூடாது. மேலே ஒரு செங்கல் வையுங்கள், மழைக்கு முன்னால்.